வேரைக் கழுவியவர்

தையல்காரியின் புருஷன் பெயிண்டர். தொட்டது எதுவும் துலங்காத மனுஷன் என்று கூடப்பிறந்த தம்பிகளே சொல்லிச் சிரிப்பார்கள். கடை வைத்தார், மூடினார். கூட்டுச் சேர்ந்தார், ஏமாந்தார். அப்படிப்பட்டவர் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கதை இருந்தது. கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுடைய முன்பல் வேரோடு தெறித்துப்போக, புழுதியில் தவழ்ந்து தேடி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடி, திரும்பப் பொருத்த வைத்த கதை. விருந்தாளி யார் வந்தாலும் அதை எடுத்துவிடுவார். அவளும் ஈயென்று பல்லைக் காட்டுவாள். அது அவள் பங்கு.

போன வாரம் நூலைக் கடித்தபோது அந்தப் பல் விண்ணென்று வலித்தது. இருவரும் பல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினாள். "வேர் பாதிக்கு மேல கரைஞ்சு போச்சும்மா. அந்த இடத்துல எலும்பு வளருது."

"நான்தான் டாக்டர் பல்ல எடுத்துட்டு வந்தேன்," என்று பெயிண்டர் முந்திக்கொண்டார். "சோப்பு போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சு, வெள்ளை வெளேர்னு கொண்டுவந்தேன்."

டாக்டரம்மாவுக்கு வயதும் குறைவு, வாய்க்குப் பூட்டும் இல்லை. "ஐயோ, அதாலதான்! வேர் மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கும். அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. அது போனா, உடம்பே வேரை அரிச்சிடும்."

பெயிண்டரின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகாமல் நின்றது. "இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?" என்று தையல்காரி அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

"மருந்து வச்சு இதை நிறுத்த முடியாதும்மா. வெளியே தெரியற பல்லை மட்டும் வெட்டிட்டு, வேரை உள்ளயே கரைய விட்டு, கட்டுப்பல் வைக்கலாம். இல்ல, முழுசா எடுத்துட்டு எலும்புல ஸ்க்ரூ போட்டுப் புதுப்பல் வைக்கலாம். அப்படியே விட்டா என்னைக்காவது ஒடியும்."

"எடுத்துடுங்க," என்றார் பெயிண்டர், தரையைப் பார்த்தபடி.

"பல்லு யாரோடது? ஒடியற அன்னைக்கு ஒடியட்டும்," என்று அவள் எழுந்துவிட்டாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "கழுவாம கொண்டுவந்திருந்தா நின்னிருக்கும், இல்ல?"

"உங்களுக்கென்ன பைத்தியமா? யார் கொண்டுவந்திருந்தாலும் இவ்வளவுதாங்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொய் சொல்றப்ப நீ என் மூஞ்சியப் பார்க்க மாட்டே."

அவள் திரும்பினாள். கடையை மூடிய அன்றுகூட அழாத மனுஷன், கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.