சுண்டைக்காய் மேல் ஏறிய கார்

எங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடருக்குக் கைபிரேக் கிடையாது. அதாவது, இருந்தது. இழுத்தால் கையோடு வரும், அவ்வளவுதான். வண்டி எங்கே நின்றாலும் பின் கதவைத் திறந்துகொண்டு என் தம்பி குதிக்க வேண்டும். அவன் காலடியில் எப்போதும் ஒரு கருங்கல் கிடக்கும். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்து வாசலில் பொறுக்கியது. ஒரு பக்கம் வழவழவென்று இழைத்திருக்கும், மறுபக்கம் உடைந்திருக்கும். அதைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது அவன் வேலை. "கல்லு! கல்லு!" என்று அப்பா கத்துவார், அம்மா கத்துவாள், நானும் கத்துவேன். திருக்கழுக்குன்றத்து ஏற்றத்தில் ஒரு முறை வண்டி பின்னாலேயே போக ஆரம்பித்து, பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரரை அலறவைத்தது. அன்றும் தம்பி கல்லை வைத்துவிட்டான். எங்கள் வண்டியின் கைபிரேக் அவன்தான்.

அப்படிப்பட்டவனுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. வண்டியை விற்று வருஷக்கணக்காகியிருந்தது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் முதல் அமெரிக்கா அவன்தான் என்பதால் பார்க்க வந்தவர்களெல்லாம் ஏதாவது கொண்டுவந்தார்கள். பாதிப் பேர் கல் பிள்ளையார். மாமல்லபுரம் பக்கம் போனால் வேறு என்ன வாங்கத் தோன்றும்? தம்பி பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஊறுகாய் வேண்டாம், வற்றல் வேண்டாம், பிள்ளையார் வேண்டவே வேண்டாம். "எல்லாம் அங்கயே கெடைக்கிதுக்கா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாமே அங்கே கிடைத்தால் நாங்கள் எதற்கு? வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, எனக்குப் பயமாக இருந்தது. இந்த வீட்டிலிருந்து ஒரு பொருள்கூட இல்லாமல் போகிறவன், கொஞ்ச நாளில் இந்த வீட்டையும் மறந்துவிடுவான் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு பெட்டி என் கண்ணில் பட்டது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போயிருந்தேன். நான் அப்போது வேதியியல் ஆசிரியை. வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு விட்டுப்போகிற புத்தகங்களை வாங்கி விற்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே புத்தகங்களுக்கு நடுவே ஒரு அட்டைப் பெட்டி. மூடியில் ஒரு கார் படம். ஆற்றங்கரை, புல்தரை, கூடை, நாய், சிரித்துக்கொண்டே டீ குடிக்கிற ஒரு குடும்பம். கார் மட்டும் எங்கள் கார். அதே குண்டுக் கன்னம், அதே குட்டி மூக்கு, உரித்து வைத்தாற்போல. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதுவா யக்கா? ஒரு வெள்ளக்காரன் வுட்டுட்டுப் பூட்டான். எந்தக் காலத்துதோ. உள்ள காரே இல்ல, எல்லாம் பீஸ் பீஸா கீது. நீங்க இத்த வாங்கினு போய் இன்னா பண்ணப்போறீங்க?"

"ஒட்டப்போறேன்" என்றேன்.

"ஒட்டி?"

காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் பேருந்தில் திரும்பும்போதுதான் கிடைத்தது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், நான் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு திட்டம் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் சட்டங்களில் கிளைகிளையாகப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கதவு, சீட், எஞ்சின், சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடிகள், உண்மையான ரப்பர் டயர்கள். தம்பி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "இது இங்கிலீஷ்காரன் வண்டிக்கா. இத்தப் பாத்துத்தான் அம்பாசிடரயே செஞ்சாங்க. நம்ம வண்டி இல்ல" என்றான்.

"நம்ம வண்டியாக்கிக் காட்டினா எடுத்துனு போவியா?"

அவன் சிரித்தான். "பாத்த ஒடனே நம்ம வண்டின்னு எனக்குத் தோணணும். தோணிச்சுன்னா கையிலயே எடுத்துனு போறேன், பொட்டியிலகூட வெக்க மாட்டேன். தோணலன்னா இங்கயே இருக்கட்டும். பேச்சு மாறக் கூடாது."

சரி என்றேன். கிளம்பும் நாள்வரை அவன் அதைப் பார்க்கக் கூடாது என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன். காய்கறிக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தோம். அவன் துணிமணி, சூட்கேஸ் என்று சென்னைக்கு அலைந்துகொண்டிருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

பெட்டியோடு வந்த பசைக் குழாய் கல்லாய் இறுகியிருந்தது. இங்கேதான் என் படிப்பு உதவியது. சட்டத்திலிருந்து ஒரு துண்டை நறுக்கி, பெயிண்டர்கள் வைத்திருக்கும் தின்னரில் ஊறப்போட்டேன். பிளாஸ்டிக் கரைந்து பாகு மாதிரி வந்தது. தன் உடம்பாலேயே தன்னை ஒட்டிக்கொள்ளும் கார்! பள்ளியில் இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதே இல்லை. நகவெட்டியால் ஒவ்வொரு பாகமாகக் கத்தரித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டினேன். முதல் சீட் நிமிர்ந்து உட்கார்ந்ததும் கூடத்தில் தனியாகக் கை தட்டினேன். எனக்குப் பொறுமை என்பது ஜாதகத்திலேயே கிடையாது. என்னைப் போய் இப்படிக் குனிந்து உட்காரவைத்த பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா முதலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பிறகு பேப்பரை மடித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார். "எஞ்சின எங்கிட்ட குடு. அத்த நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். உண்மையான எஞ்சினை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் தெரியும். இந்த எஞ்சினைப் பூதக்கண்ணாடி வைத்துச் சேர்த்து முடித்ததும் தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் கர்வத்தில், நான் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின் கண்ணாடியைத் தானே ஒட்டினார், அதுவும் கடையில் விற்கிற அவசரப் பசையால். கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் புகை பூத்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னா இப்போ? மார்கழி மாசத்துல வண்டி ஓட்டறோம்னு நெனச்சுக்கோ" என்றார்.

அடுத்தது நிறம். அங்கேதான் பெரிய சண்டை. அப்பா பால்கோவா நிறம் என்றார். அம்மா அடித்துச் சொன்னாள், சந்தன நிறம் என்று. எனக்கு மோர் நிறமாக நினைவு. ஒரே வண்டியில் வருஷக்கணக்காக ஒன்றாக உட்கார்ந்து போன மூன்று பேருக்கு மூன்று நிறம். வண்டியோடு எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் சண்டை ஓய்ந்தபாடில்லை. கையில் சாதத்தோடு அம்மா சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, வண்டிக்கு அடிச்ச மிச்ச பெயிண்டத்தானே கேட்டுக்கு அடிச்சோம்?"

எச்சில் கையோடு மூன்று பேரும் வாசலுக்கு ஓடினோம். கேட் இப்போது பச்சை. நான் கத்தியால் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் பழுப்பு, அதற்கும் அடியில், அட, எங்கள் வண்டி! பால்கோவாவும் இல்லை, சந்தனமும் இல்லை, மோரும் இல்லை. தேங்காய்ப்பால் பாயசத்தின் நிறம். மழை தூறிக்கொண்டிருந்தது, நாங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

வெள்ளைப் பெயிண்டில் சொட்டுச் சொட்டாய் மஞ்சளும் பழுப்பும் கலந்து அந்த நிறத்தைப் பிடித்துவிட்டேன். ஆனால் ஐப்பசி மழையில் பெயிண்ட் காயுமா? தொட்டால் விரல் ஒட்டியது. டிவி பெட்டியின் தலை சூடாக இருக்கும் என்று அம்மாதான் கண்டுபிடித்தாள். காரை அதன் மேல் வைத்து, பார்க்க ஆளில்லாவிட்டாலும் டிவியை ஓடவிட்டோம். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சி எங்கள் காருக்காகவே ஓடியது. பின் விளக்குகளுக்கு என் சிவப்பு நகப்பூச்சு. எங்கள் வண்டியின் இடது முன் விளக்கு ஏதோ லாரியிலிருந்து வந்தது, வலதைவிடப் பெரியது. அதற்காக இடது விளக்கைச் சுற்றி ஒரு வளையம் சேர்த்து ஒட்டினேன். அம்மா பழைய துண்டின் ஓரத்தைக் கத்தரித்து, அந்தக் காலத்தில் அப்பா துண்டு போட்டு உட்கார்ந்தபடியே, முன் சீட்டில் விரித்தாள். அப்பா குண்டூசி முனையால் நம்பர் பிளேட் எழுதினார். எல்லாம் முடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தோற்க வாய்ப்பே இல்லை என்று நினைத்தேன்.

கிளம்பும் நாள் மத்தியானம், கூடையைத் தூக்கினேன்.

தம்பி குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். துண்டைப் பார்த்துச் சிரித்தான். பெரிய விளக்கைத் தொட்டான். என் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை.

"சூப்பரா கீதுக்கா. ஷோரூம்லேந்து இப்பத்தான் வந்த மாதிரி கீது" என்றான்.

அந்த 'ஷோரூம்' என்ற வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் யாருடைய பரிசையோ பாராட்டுவதுபோலத்தான் அதைச் சொன்னான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கும் சங்கடம். "எடுத்துனு போய் ஒடஞ்சிடப் போவுது. இங்கயே பத்திரமா இருக்கட்டும்" என்றான். பேச்சு மாறக் கூடாது என்று ஒப்புக்கொண்டவள் நான். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அம்மாவுக்கு இந்தப் பந்தயமெல்லாம் பொருட்டே இல்லை. "புது வண்டி வந்திருக்கு, பூஜ போடாம எப்படி?" என்றாள். நிஜ வண்டி நின்ற இடத்திலேயே, வாசல் போர்டிகோவில், காரைக் கொண்டுபோய் வைத்தாள். மூக்குமேல் சந்தனம், குங்குமம். புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டுமே? இந்தச் சக்கரத்தைவிட எலுமிச்சை பெரிதாக இருக்கும். அதனால் அடுக்களையிலிருந்து நான்கு சுண்டைக்காய் எடுத்துவந்து நான்கு சக்கரத்துக்கும் வைத்தாள். எனக்கே அந்த வருத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

எலுமிச்சை நசுங்குவது வண்டியின் பாரத்தால். எங்கள் காரில் பாரம் ஏது? சுண்டைக்காயோ குண்டு மாதிரி கெட்டி. கார் அதன் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது.

"நசுங்கலன்னா சகுனம் நல்லால்ல" என்றாள் அம்மா.

"எப்பத்தான் இந்த வண்டி தள்ளாம போயிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அப்பா குனிந்தார். நிஜ வண்டியைத் தள்ளுகிற அதே வீறாப்போடு விரலால் ஒரு தள்ளு தள்ளினார்.

சுண்டைக்காய் நசுங்கவில்லை, வழுக்கியது. கார் துள்ளிக் குதித்து ஓட ஆரம்பித்தது. எங்கள் போர்டிகோ தெருவை நோக்கிச் சரிவு. கேட் விரியத் திறந்திருந்தது. வெளியே தம்பியை ஏற்றிப்போக வந்த வாடகை வேன், டிரைவர் கழுத்தைத் திருப்பியபடி, வாசலை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் கை நீட்டினேன், எட்டவில்லை. ரப்பர் டயர்கள் கிறுகிறுவென்று உருண்டன.

"கல்லு! கல்லு!"

யார் முதலில் கத்தியது என்று தெரியாது. அப்பாவும் கத்தினார், அம்மாவும் கத்தினாள், நானும் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த தம்பி யோசிக்கவே இல்லை. ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். படியில் பக்கத்தில் கிடந்ததை வாரிக்கொண்டு தாவி ஓடி, கேட்டுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, கையில் இருந்ததைச் சக்கரத்துக்கு அடியில் செருகினான். கார் முட்டி நின்றது. வேனும் நின்றது. அவன் செருகியது பாஸ்போர்ட்.

 அவன் முழங்காலிலேயே இருந்தான், மூச்சு வாங்கிக்கொண்டு. பாஸ்போர்ட் அட்டையில் குங்குமம் அப்பியிருந்தது. பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான், சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"யக்கா, நம்ம வண்டிதான்" என்றான்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று கத்தினேன், சந்தோஷத்தில். ஜெயித்துவிட்டேன். இல்லை, நான் எங்கே ஜெயித்தேன்? விளக்கும் துண்டும் நிறமும் செய்யாததை ஒரு சுண்டைக்காய் செய்தது. அதனால் என்ன, பந்தயம் பந்தயம்தான். பேச்சு மாறாமல் அவன் காரைக் கையிலேயே எடுத்துக்கொண்டான். வேனில் ஏறப்போனவன் திரும்பி வந்து, கேட்டோரம் கொட்டியிருந்த ஜல்லியில் தேடித் தேடி ஒரு சின்னக் கருங்கல் சில்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். 

சில மாதங்கள் கழித்து அவன் அறையின் புகைப்படம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி. ஜன்னலோரம் புத்தக அலமாரி, அதன் மேல் எங்கள் கார், மூக்குமேல் காயாத பெயிண்டில் ஒட்டிய குங்குமத்தோடு. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அலமாரி மட்டமாகத்தான் இருந்தது. கார் எங்கேயும் உருண்டுவிடப் போவதில்லை. இருந்தாலும் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருந்தான்.