மிச்சம் ஆறு நிமிடம்

அந்த இங்கிலாந்து ராக் குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது சண்டைக்கு வருவீர்கள்; எங்கள் வீட்டில் நடந்த சண்டையே போதும். சைகடெலிக் என்று அந்த வகை இசைக்குப் பெயர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சுவர் நகரும். நானும் அண்ணனும் வலங்கைமானில், அப்பா ஞானப்பாடல்கள் கேட்பதற்கென்று வாங்கிய டேப் ரிக்கார்டரில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். நாங்கள் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே குழு உடைந்து, கிட்டார்காரர் ஒரு குழுவும் ஆர்கன்காரர் இன்னொரு குழுவும் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் கிட்டார் கட்சி. நான் ஆர்கன் கட்சி. இதற்காக நான்கு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு.

பிரியாமல் இருந்த காலத்துப் பாட்டு ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சண்டையே கிடையாது. தஞ்சாவூரில் அப்போது ஒரு ரிக்கார்டிங் கடை இருந்தது. வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பாட்டுப் பதிந்து தருவார்கள். இந்த நீளப் பாட்டு பதினைந்து நிமிடம் ஓடி, சரியாக டேப் தீரும் இடத்தில் சட்டென்று நிற்கும். கடைக்காரரைக் கேட்டதற்கு, "அளவா முடிஞ்சிடுச்சு தம்பி" என்றாராம். ஊரில் எல்லோரும் அவரிடமே பதிந்ததால் எல்லோருடைய கேசட்டிலும் பாட்டு அங்கேதான் நின்றது. அண்ணன் அந்த நிறுத்தத்துக்கு மயங்கிப்போனார். "சொல்ல வேண்டியதைச் சொன்னதும் வாயை மூடிட்டான் பாரு, அவன் கலைஞன்" என்பார். விவசாயத்துக்கு நடுவே முப்பத்தைந்து வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாட்டு அங்கே முடியவில்லை. இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. கால்நடை மருத்துவராக நான் ஒரத்தநாட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது, ஒரு மத்தியானம், கன்று ஈனப்போகும் பசுவின் பக்கத்தில் காத்திருந்த நேரத்தில் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டபோது தெரிந்துகொண்டேன். பதினோரு வருடம் ஆகிறது. அண்ணனிடம் சொல்லவில்லை. அவரோ போனில் பாட்டுக் கேட்கமாட்டார். "பம்புசெட்டுக்குள்ள காதை வச்ச மாதிரி இருக்கு" என்று தள்ளிவிடுவார். எனக்கும் வசதியாகப் போயிற்று.

வினை போன மாதம் வந்தது. தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த இசைப் பைத்தியங்கள் இருபது பேர் கூடி, பழங்கதை பேசுவார்கள். அந்த மாதம் அண்ணன் பேச வேண்டும். தலைப்பு, அந்தப் பாட்டின் முடிவு.

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். நான்தான் கார் ஓட்டினேன். யாராவது நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லி இவரை அசடாக்கிவிடுவார்களே என்று எனக்குப் பயம். வழியெல்லாம் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுவடை மெஷின் ஒன்று முன்னால் போய் வழியை அடைத்துக்கொண்டது. நான் ஹாரனை அடித்துத் தீர்த்தேன்.

"ஏன் பாப்பா பறக்குற? நேரம் இருக்கு" என்றார். ஐம்பது வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

"அண்ணே, அந்தப் பாட்டு முடியுற இடம்…"

"அதைப் பத்திப் பேசாத. மேடையில சொல்லப்போறதை இப்பவே சொன்னா சப்புன்னு போயிடும்."

பாபநாசத்தில் டீ குடிக்க நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். டீயில் சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரோடு பேசப் போய்விட்டார். அதன்பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை என்று என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

மாடியில் அண்ணன் நன்றாகத்தான் பேசினார். கேசட்டைப் போட்டு, அந்த இடம் வந்து நின்றதும் கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். புதிதாக மாற்றலாகி வந்த வங்கி ஊழியர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாட்டு இன்னும் ஆறு நிமிஷம் இருக்குங்க."

"அது வேற ரிக்கார்டா இருக்கும்" என்று பழைய ஆட்கள் சத்தம் போட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் கையை உயர்த்தி அவர்களை அமர்த்தி, "போடுங்கம்மா, கேப்போம்" என்றார்.

அந்த ஆறு நிமிடத்தில் பாட ஆள் இல்லை. கிட்டாரும் ஆர்கனும் மட்டும். முதலில் ஒன்று மாற்றி ஒன்று, பிறகு தாளம் மாறி, இரண்டும் ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தேய்ந்து அடங்கும். நான் குனிந்தபடியே விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்; அண்ணன் அசையாமல் கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார். பிறகு சிரித்துவிட்டார். "முப்பத்தஞ்சு வருஷமா அந்தக் கடைக்காரர் பாட்டை நான் ரசிச்சிருக்கேன்" என்றார். மாடியே அதிர்ந்தது. அந்த அம்மாளுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். இதற்கா இத்தனை பயந்தோம் என்று எனக்கு உயிர் வந்தது.

காரில் ஏறியதும் நானே கலகலவென்று பேச ஆரம்பித்தேன். அவர் சீட் பெல்ட்டைப் போடாமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ எப்பக் கேட்ட?"

"எதை?"

"உன் விரல் தாளம் மாறுறதுக்கு முன்னாடியே மாறுச்சு பாப்பா. நான் பாத்தேன்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பதினோரு வருஷம் ஆச்சுண்ணே. ஒரத்தநாட்டுல, ஒரு மாட்டுக் கொட்டகையில."

"தனியாவா கேட்ட?"

"ஆமா. சொன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு…"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"ஒரு போன் பண்ணியிருந்தா பஸ்ஸைப் புடிச்சு வந்திருப்பேனே."