நாலே சுற்றில் இறுகிய போல்ட்

செவ்வாய்க்கிழமை காலை, தகுதிச் சோதனைக்கு நின்ற வண்டியின் பின்சக்கரத்தை அதிகாரி சின்னச் சுத்தியலால் தட்டினார். மற்ற வண்டிகளில் கேட்ட கணீர் ஓசை இதில் வரவில்லை. ஈரமான சட்டியைத் தட்டியது போல மந்தமாக ஒரு சத்தம். அதிகாரி குனிந்து, போல்ட் துளையின் ஓரத்தில் மயிரிழையாக ஓடிய வெடிப்பைச் சாக்பீஸால் வட்டமிட்டார். மற்ற மூன்று வீல்களின் விளிம்பையும் துரு தின்றிருந்தது. விரலால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தார். அதுவும் அதே லட்சணம்.

"எஞ்சின் நல்லாருக்கு. பிரேக் நல்லாருக்கு. கால்தான் இல்ல," என்றார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள நல்ல வீலோட கேட்டுக்குள்ள வந்துடணும். வரலைன்னா வாடகை வண்டிங்கிற பதிவு போயிடும். இவ்வளவு வயசான வண்டியை மறுபடி பதிய மாட்டாங்க. தெரியும்ல?"

தெரியும். வண்டிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

இருபத்தொரு வருஷமாக ஓட்டும் வண்டி அது. ஊருக்கு வெளியே இருக்கும் தையல் ஆலைக்கு ஐந்து பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்பக் கூட்டி வருவது அவர் பிழைப்பு. அந்தப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாப்பது'. வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டி அவர்கள் பார்த்ததே கிடையாது. "அண்ணே, பின்னாடி ஒரு சைக்கிள்காரர் பாவம் வழி கேக்குறாரு," என்பாள் ஒருத்தி. "நாங்க இறங்கி நடக்குறோம், நீங்க பின்னாலேயே வந்து சேருங்க," என்பாள் இன்னொருத்தி. நாப்பது கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பாரே தவிர முள்ளை நகர்த்த மாட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். சபையில் எடுத்துச் சொல்ல அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவர் வண்டியில் ஏறிய ஒருவருக்கும் இதுவரை நகக்கீறல் கூடப் பட்டதில்லை.

புதன்கிழமை முழுக்க உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினார். அந்த மாதிரி வண்டி செய்வதையே நிறுவனம் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில், எண்ணெய் படிந்த கையோடு நின்ற ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இந்த வண்டிக்கு வீலா? அண்ணே, இந்த மாடலை நான் கடைசியா உடைச்சப்போ எனக்கு மீசை முளைக்கல."

"ஒண்ணாவது இருக்குமா தம்பி? நல்லாத் தேடிப் பாரேன்."

"ஒண்ணு வச்சு என்ன பண்ணுவீங்க? அலாய் வீல் கடைக்குப் போங்க. வண்டி கிழவியா இருந்தா என்ன, செருப்பாவது புதுசாப் போடட்டும்."

வீட்டுக்கு வந்தால் போன் அடித்தது. ஐந்து பேரில் மூத்தவள், மற்றவர்கள் 'லீடர்' என்று அழைப்பவள். ரெண்டு நாளாக ஐந்து பேரும் சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறார்களாம். "திங்கக்கிழமைக்குள்ள நீங்க வரலைன்னா கம்பெனியில வேற வேன் பிடிச்சுக் குடுத்துடுவாங்களாம்ணே. அந்த வேன்காரன் எடுத்துட்டா அப்புறம் உங்களுக்கு..."  

வியாழக்கிழமை மனைவி தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினாள். இருபதில் உருட்டிக்கொண்டு அலாய் வீல் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முழுக் கண்ணாடி முகப்பு. சுவர் நிறைய வீல்கள். சில சிலந்திக்கால் போல, சில பூவிதழ் போல, ஒன்று பொன்முலாம் பூசியதாக. நாப்பதுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று தோன்றியது. வண்டி வாங்கியபோது என்ன இருந்ததோ அதையே மாட்டி ஓட்டியவர் அவர். வீலை ஒருவன் தேர்ந்தெடுக்கலாம் என்பதே அவருக்குப் புதுச் சேதி.

கடை ஒரு அம்மாவுடையது. கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்க, கையில் இரும்பு அளவுகோலோடு வெளியே வந்து, ஒரு வீலைக் கழற்றச் சொல்லி அளந்தார்.

மனைவி சுவரில் கறுப்பாக மின்னிய ஒன்றைக் காட்டினாள். "இதுலயும் நாலு ஓட்டைதானே இருக்கு. அழகாவும் இருக்கு."

"நாலு ஓட்டை எல்லாத்துலயும் இருக்கும்மா. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவுன்னு பார்க்கணும். உங்க வண்டிக்கு எதிரெதிர் ஓட்டை தொண்ணூத்தெட்டு மில்லி. அது நூறு."

"ரெண்டு மில்லிதானேம்மா?" என்றார் நாப்பது.

"அந்த ரெண்டு மில்லியிலதான் வீல் கழண்டு உங்களுக்கு முன்னாடி ஓடும். நீங்க பின்னாலேயே கை காட்டிக்கிட்டுப் போகலாம்."

தொண்ணூற்றெட்டில் கடையில் இரண்டே செட் இருந்தன. ஒன்று பதினாலு அங்குலம், புத்தம் புதுசு. இன்னொன்று பதிமூணு அங்குலம். யாரோ டயரோடு விற்றுவிட்டுப் போன பழைய வெள்ளி நிறச் செட், ஒரு வீலின் ஓரத்தில் தேய்ந்த கீறல். அம்மா முதலில் புதுசை எடுத்து, அளவு பார்ப்பதற்கென்று வைத்திருந்த நாலு நீள போல்ட்டால் முன்பக்கம் மாட்டச் சொன்னார். கச்சிதமாக உட்கார்ந்தது. நாப்பதுக்கு உயிர் வந்தது.

"வண்டியில எத்தனை பேரு ஏறுவாங்க?"

"என்னோட சேர்த்து ஆறு."

"அப்போ ஆறு பேரை ஏத்துங்க. காலி வண்டியில எல்லா வீலும் நல்ல வீல்தான்."

மனைவி ஏறினாள். வீல் மாட்டும் பிட்டர்கள் இருவரும் ஏறினார்கள். தன் காருக்குக் காற்றடிக்க வந்த கனத்த மனிதர் ஒருவரை அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தார். "சார், ரெண்டு நிமிஷம், உங்க எடை எங்களுக்கு வேணும்." அவர் சிரித்துக்கொண்டே பின்சீட்டில் விழ, வண்டி முனகியது. அம்மாவும் ஒரு ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "இப்போ ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க."

ஒடித்தார். டயர் உள்தகட்டில் உரசி 'க்ரீச்' என்றது.

"என்னால இல்லையே?" என்றார் கனத்த மனிதர்.

பழைய வெள்ளி செட்டை மாட்டியபோது அந்த ஆறு பேரோடும் இரண்டு பக்கமும் ஒடித்தும் சத்தமில்லை. அதையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதன்பிறகுதான் குண்டு விழுந்தது. அலாய் வீலின் நடுப்பகுதி தடிமன். இரும்பு வீலின் போல்ட் அதற்கு எட்டாது, நீள போல்ட் பதினாறு வேண்டும். கடையில் இருந்ததோ அளவு பார்க்கும் அந்த நாலு மட்டும். மீதி வேறு கிளையிலிருந்து வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் வரும்.

"பத்து மணிக்கு வண்டியோட வாங்க, நானே நின்னு மாட்டி விடுறேன்."

"அங்க வரிசையே மூணு மணி நேரம்மா. எட்டு மணிக்கு நின்னாத்தான் பன்னெண்டுக்குள்ள கேட்டுக்குள்ள போக முடியும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? உங்க பழைய போல்ட்டுல மட்டும் மாட்டிடாதீங்க. சொல்லிட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, நாலு வீலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் ஜாக்கியைப் போட்டார். அவருடைய போல்ட்டுகள் வண்டியோடு வந்தவை. வருஷத்துக்கு இரண்டு முறை கழற்றி, துடைத்து, எண்ணெய் காட்டி வைத்திருந்தார். ஒன்றில்கூடத் துரு இல்லை. இதைப் போய் வேண்டாம் என்று ஒரு கடைக்காரம்மா சொல்வதா என்ற முணுமுணுப்பும் உள்ளே இருந்தது. இரும்பு வீலில் அந்த போல்ட் பதினோரு சுற்றுப் போன பிறகுதான் இறுகும். அது அவர் விரலுக்கு மனப்பாடம். இப்போது நாலே சுற்றில் இறுகியது. விரல் உடனே சொல்லிவிட்டது. அவர் கேட்டும் கேளாதவராக ஸ்பானரைப் போட்டு, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினார். பதினாறையும் அப்படியே.

"அந்தம்மா வேண்டாம்னு சொன்னாங்களே," என்றாள் மனைவி.

"இறுகிடுச்சு. நீயே ஆட்டிப் பாரு."

அவள் ஆட்டிப் பார்த்தாள். வீல் ஆடவில்லை. ஆனால் அவர் ஏன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பது அவளுக்கு உறுத்தியது. தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள்.

பெரிய சாலைக்கு ஏறி இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள். 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். டயரில் கல் சிக்கியிருக்கும் என்றார். பிறகு ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. ஓரங்கட்டி இறங்கி, முன்சக்கரத்து போல்ட் ஒன்றில் கை வைத்தார். ஸ்பானரே வேண்டியிருக்கவில்லை, சீசா மூடியைப் போல விரலோடு சுழன்றது. அடுத்ததும் சுழன்றது.

நாப்பது சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். லாரிகள் காற்றடித்துக்கொண்டு போயின.

"மறுபடி இறுக்குங்க. மெதுவா போயிடலாம்," என்றாள் மனைவி.

"நாலே சுத்துதான் ஏறுச்சு," என்றார். "எனக்குக் காலையிலேயே தெரியும்."

 ஸ்பானரை எடுத்து அவர் கையில் வைத்தாள். இறுக்கினார், ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினார், அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி இறுக்கினார். ஒன்பதரைக்கு வரிசையில் சேர்ந்தபோது முன்னால் முப்பது வண்டிக்கு மேல் நின்றன. அங்கே வண்டி ஓடப் போவதில்லை. நின்ற வண்டியைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். இப்படியே உள்ளே போனாலும் சான்று கிடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். 

மனைவி ஏற்கெனவே கடைக்கு போன் போட்டிருந்தாள். மறுமுனையில் அந்த அம்மா திட்டிய திட்டு வெளியே கேட்டது. திட்டி முடித்துவிட்டு, "அங்கேயே இருங்க. போல்ட் வந்ததும் என் ஆளை பைக்ல அனுப்புறேன். வரிசையிலேயே மாட்டட்டும்," என்றார்.

பிட்டர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். முன்னால் ஒன்பது வண்டி. ஜாக்கியில் ஏற்றி முதல் சக்கரத்தின் போல்ட்டுகளை மாற்றும் நேரத்தில் வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். இறக்கி, நகர்த்தி, மறுபடி ஏற்றினார்கள். இரண்டாவது சக்கரத்தில் பாதி, வரிசை நகர்ந்தது. மூன்றாவது முறை வேன்காரரே இறங்கி வந்தார்.

"என்னய்யா, ரோட்டுலயே ஒர்க்‌ஷாப் நடத்துறீங்களா?"

நாப்பது ஜாக்கியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.  வேன்காரர் அவர் முகத்தையும், தரையில் கிடந்த போல்ட்டுகளையும் பார்த்தார். பழையதொன்றை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுலயா ஓட்டிக்கிட்டு வந்தே?" என்று ஒருமைக்கு இறங்கினார். பிறகு ஹாரன் அடிக்கவில்லை. அடுத்த முறை வரிசை நகர்ந்தபோது வண்டியைப் பின்னாலிருந்து அவர்தான் தள்ளினார்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் கேட்டைத் தாண்டினார்கள். மூன்று சக்கரம் முடிந்திருந்தது. பின் வலதில் இன்னும் பழைய போல்ட். அதே அதிகாரி சுத்தியலோடு வந்து தட்டினார். கணீர். இரண்டாவது, கணீர். மூன்றாவது, கணீர். நாலாவதுக்குப் போகையில் நாப்பது குறுக்கே வந்துவிட்டார்.

"சார், அது சரியில்ல சார். சத்தம் நல்லாத்தான் வரும். போல்ட் பழசு, எட்டல."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலை நிமிராமல், "நான் பின்னாடி வேனைப் பார்த்துட்டு வர்றேன்," என்று நடந்தார். வேன்காரர் தன் வண்டியின் ஒவ்வொரு விளக்கைப் பற்றியும் அதிகாரியிடம் விலாவாரியாகச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்.

அதற்குள் பிட்டர் நாலாவது சக்கரத்தின் போல்ட்டுகளையும் மாற்றி முடித்தார். சான்று ஒரு வருஷத்துக்குக் கிடைத்தது. தாளைக் கையில் வாங்கியபோது நாப்பதுக்குச் சந்தோஷம் வரவில்லை.  "இது திங்கக்கிழமை நடந்திருந்தா என்னன்னு நினைச்சுப் பாரு," என்றார் மனைவியிடம். "பின்னாடி அஞ்சு பேரு." அதையே மூன்று முறை சொன்னார்.

அன்று சாயங்காலம் லீடருக்கு போன் செய்தார். சான்று கிடைத்தது என்று முதலில் சொன்னார். பிறகு எச்சில் விழுங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்: எப்படி மாட்டினார், எங்கே கழன்றது, அவருக்கு முன்பே எப்படித் தெரியும் என்பது வரை. 

"உங்களை நம்பித்தானேண்ணே கண்ணை மூடித் தூங்கிக்கிட்டு வருவோம்," என்றாள்.

"வேற வேன் பார்க்கணும்னா பார்த்துக்குங்கம்மா. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"அதை நாங்க பேசிக்கிறோம். திங்கக்கிழமை ஆறரைக்கு வண்டியைக் கொண்டாங்க."

திங்கட்கிழமை அவர் ஆறு மணிக்கே போய் நின்றார். ஐந்து பெண்களும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. யாரும் ஏறவும் இல்லை. லீடர் கையை நீட்டினாள்.

"ஸ்பானரைக் குடுங்க."

கொடுத்தார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தருகே குந்தினாள். ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானரை மாட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. மற்ற நால்வரும் அவள் பின்னாலேயே சக்கரம் சக்கரமாக நகர்ந்தார்கள். நாப்பது கைகளைக் கட்டிக்கொண்டு, வண்டி தன்னுடையது இல்லை என்பது போலத் தள்ளி நின்றார்.

பதினாறாவதையும் அழுத்திவிட்டு அவள் எழுந்தாள். ஸ்பானரை அவரிடம் திருப்பித் தரவில்லை; தன் பையில் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

"ஏறுங்கடி," என்றாள். "நேரமாச்சு."