பச்சை விழுந்தும் கடக்காதவர்கள்

இத்தாலியின் பலெர்மோவில் என்ன வேலை என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், "போக்குவரத்து ஆராய்ச்சி" என்பேன். "டிராபிக் போலீஸா?" என்பார்கள். இல்லை. போலீஸ் கையைக் காட்டினாலாவது வண்டி நிற்கும். என் வேலை, கணினிக்குள் ஒரு சின்ன பலெர்மோவைக் கட்டி, அதில் காரையும் பஸ்ஸையும் மனிதர்களையும் ஓடவிட்டு, இந்தச் சிக்னலை இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பது. கணினிக்குள் இருக்கும் பலெர்மோ சொன்ன பேச்சைக் கேட்கும். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு பலெர்மோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டபோது பேராசிரியர் அம்மா சொன்ன காரணம் இதுதான்: "நீ இந்தியாவிலிருந்து வருகிறாய். நெரிசலைப் பார்த்துப் பயப்பட மாட்டாய்." எவ்வளவு நம்பிக்கை! ஒரேத்தோ பகுதியில் குடிவந்த புதிதில் நான் வீட்டெதிர்ச் சாலையைக் கடக்கவே பயந்து, எதிர்ப்பக்கம் இருந்த நல்ல ரொட்டிக்கடையை விட்டுவிட்டு, என் பக்கத்து மோசமான ரொட்டிக்கடையிலேயே வாங்கித் தின்றவன்.

அதே சாலைதான் எங்கள் மாடிவீட்டு அக்காவுக்கும் வில்லன். இலங்கை மன்னாரிலிருந்து வந்து இங்கேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். நகர நடுவே பொலிதேயாமா பக்கம், சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் சமையல் வேலை. பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். முழங்கால் வலி வந்ததிலிருந்து, பச்சையில் இறங்குவார், நடுச்சாலையில் சிவப்பு விழுந்துவிடும், கார்கள் உறுமும். அதனால் தெரிந்த முகம் யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை ஓரத்தில் காத்து நிற்பார். அதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வலி.

"றோட்டைக் கடக்க ஆள் பிடிக்கிற நிலைமை வந்திட்டுது, தம்பி. நான் என்ன குழந்தையோ? நீங்கள் உந்த லைற்றுப் படிப்புத்தானே படிக்கிறியள்? ஒரு சொட்டு நேரம் கூட்டி விடுங்கோவன்."

"நான் கூட்ட முடியாதுக்கா. மாநகராட்சிதான் கூட்டணும். கூட்டினா நல்லதுன்னு நான் நிரூபிக்கணும்."

"அப்ப நிரூபியுங்கோவன்!" ஏதோ உப்புப் போடச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

பேராசிரியர் அம்மா அந்தச் சிக்னலை எங்கள் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். முடிவு தெளிவாக இருந்தால் சோதனையாகப் பச்சையைக் கூட்டிப் பார்ப்பதாக மாநகராட்சிப் பொறியாளரும் ஒப்புக்கொண்டார். ஆக, அக்காவின் முழங்கால் என் கையில் இருந்தது. பாவம் அந்த முழங்கால்.

அனுமதி வாங்கி, ஒரு மொட்டைமாடியில், முகம் தெரியாத உயரத்தில் காமிரா வைத்தேன். நாள் ஞாயிற்றுக்கிழமை. சிக்னலுக்குப் பக்கத்தில்தான் நம் தமிழ் ஆட்கள் போகும் கத்தோலிக்கக் கோயில். பூசை முடிந்து பெருங்கூட்டம் கடக்கும் என்று அறிக்கையில் காரணம் எழுதினேன். எழுதாத காரணம், பூசைக்குப் பிறகு மண்டபத்தில், உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொடுப்பார்கள்.

காமிரா எடுத்ததை எங்கள் மென்பொருள் புள்ளிகளாக மாற்றும். ஒரு மனிதர், ஒரு புள்ளி. எந்தப் புள்ளி ஓரத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று அதுவே கணக்குப் போடும். திங்கட்கிழமை முடிவைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐரோப்பாவிலேயே பாதசாரிகள் இப்படித் தவம் கிடக்கும் சாலை வேறெங்கும் இருக்காது!

"நம்பவே முடியவில்லை" என்றார் பேராசிரியர் அம்மா. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பொறியாளரைச் சந்திக்க நாளும் குறித்தாயிற்று.

அவருக்குக் காட்ட ஒரு துண்டு வெட்டலாமே என்று அப்போதுதான் அசல் வீடியோவைத் திறந்தேன். பச்சை விழுந்தது. ஓரத்தில் நின்ற கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. சிவப்பு. மறுபடி பச்சை. ஒருவர் ஒரு காலைச் சாலையில் வைத்தார். ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார். மறுபடி சிவப்பு. புரிந்துவிட்டது. நம்மவர்கள் கோயில் படியில் ஒருமுறை விடைபெறுவார்கள், கேட்டில் ஒருமுறை, சாலையோரத்தில் கடைசியாக, விரிவாக ஒருமுறை. மென்பொருளுக்கு அது காத்திருப்பு. அவர்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை.

கூட்டத்தின் நடுவே ஒருவன், கையில் ரோல்ஸை வைத்து ஆட்டி ஆட்டிப் பேசி, நாலு பேரைக் கடக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தான். யார் இந்தப் பொறுப்பற்ற பயல் என்று பெரிதாக்கினேன். சட்டை என்னுடையது. உச்சந்தலையில் பளபளத்த வழுக்கையும் என்னுடையதுதான். அப்படி ஒன்று இருப்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பேராசிரியர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"விடைபெறுவதற்கா இவ்வளவு நேரம் நின்றார்கள்?"

"இது சுருக்கமான விடைபெறல், அம்மா. மழை வரும்போல இருந்தது."

சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் சித்திமார் காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் என்றார். சந்திப்பைத் தள்ளிவைத்தார். "மறுபடி அள" என்றார்.

நான் அக்காவிடம் போனேன். "அக்கா, அடுத்த ஞாயிறு மட்டும் சிக்னல்கிட்ட நின்னு பேச வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. கடக்கிறவங்க கடந்து போகட்டும். அவ்வளவுதான்."

"ஓம் தம்பி, நான் பார்க்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

யோசித்திருக்க வேண்டும். அந்த ஞாயிறு யாரும் நின்று பேசவில்லை. எல்லோரும் கடந்தார்கள். அந்தப் பக்கம் போய்த் திரும்பி இந்தப் பக்கம் வந்தார்கள். மறுபடி போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள், இறக்கிவிட்டுக் கடந்தார்கள். பாடகர் குழு வரிசையாகக் கடந்தது. வேர்த்து விறுவிறுத்து ஒரு ஐயா என்னிடம் வந்தார்.

"தம்பி, காணுமோ? இன்னும் ரெண்டு தரம் போட்டு வரட்டோ?"

"ஐயா, போதும்! உக்காருங்க!"

"அக்கான்ர லைற்றுக்காக எண்டு சொன்னவை. அதுதான் கொஞ்சம் கூடவாக் கடந்தனாங்கள்."

திட்ட மனம் வரவில்லை. ஒருவரின் முழங்காலுக்காக ஒரு கோயிலே தெருவில் இறங்கி நடந்திருக்கிறது. ஆனால் அறிவியலுக்கு அது ஆகாது. அந்தப் பதிவை அழித்தேன்.

மூன்றாம் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலை நாள், காலை நேரம், ரோல்ஸ் கிடையாது. வீடியோவில் பரபரப்பாக ஒன்றுமில்லை. பை தூக்கிய பெண்கள், தள்ளுவண்டியில் காய்கறி இழுக்கும் சிசிலியக் கிழவர்கள், ஊன்றுகோல்கள். பலருக்கும் நடுச்சாலையில்தான் சிவப்பு விழுந்தது. எங்கள் கணினிப் பலெர்மோவிலோ, நடப்பவர்கள் எல்லோரும் வாலிபர்கள். முழங்கால் என்று ஒரு உறுப்பு இருப்பதே தெரியாதவர்கள். வீடியோவில் கண்ட நடைவேகத்தை அவர்களுக்குக் கொடுத்தேன். பச்சையைச் சில விநாடி கூட்டினேன். முன்பு கார்கள் இங்கிருந்து விரைந்துபோய் அடுத்த சிக்னலில் நின்றன. இப்போது அங்கே நிற்பதற்குப் பதில், கொஞ்சம் இங்கேயே நின்றன. வீடு போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய அதேதான்.

பொறியாளர் திரையைப் பார்த்தார். மோவாயைத் தேய்த்தார். "கார்க்காரர்கள் திட்டுவார்கள்" என்றார். "இப்போதும் திட்டத்தான் செய்கிறார்கள்" என்றார் பேராசிரியர் அம்மா. அது எடுபட்டது. சோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது.

புது நேரம் வந்த முதல் காலை, அக்காவோடு சாலையோரத்தில் நின்றேன். கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

பச்சை. இறங்கி நடந்தார். தன் வேகத்தில், யாரையும் பார்க்காமல். அந்தப் பக்கம் ஏறித் திரும்பிப் பார்த்தார்.

"தம்பீ! இன்னும் பச்சையா நிக்குது!" சாலை முழுக்கக் கேட்கக் கத்தினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நிறுத்தத்தில் பஸ் வந்து நிற்கும்போது, அடுத்த பச்சைக்குக் காத்திருந்து, என்னை நோக்கிக் கடந்து வந்தார்.

"அக்கா, பஸ்ஸு!"

"அது போகட்டும், பேந்து ஒண்டு வரும்தானே. சொல்ல மறந்திட்டன். இந்த ஞாயிறு மீன் ரோல்ஸ். பிந்திப்போடாதேங்கோ."

அங்கேயே நின்று கதைக்கத் தொடங்கினோம். பச்சை வந்தது, போனது, வந்தது. மேலே மொட்டைமாடியில் சோதனைக்கான காமிரா ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை நான் தொப்பி போட்டிருந்தேன்.