ஊதினால் ஓடும்

நான் பிளேஸ்டேஷன் கட்சி. நல்ல கதையுள்ள வீடியோ கேம் வேண்டுமென்றால் அந்தக் கன்சோல்தான். குமார் எக்ஸ்பாக்ஸ் கட்சி. கையில் பிடிக்க அதன் கன்ட்ரோலர் மாதிரி வராது என்பான். ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். வாட்ஸ்அப்பில் இந்தச் சண்டை முற்றி, கடைசியில் பேச்சே நின்றுபோனது.

வேப்பம்பட்டில் அவன் புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மனைவி வற்புறுத்தியதால் போனேன். சாப்பிட்டு முடித்ததும், வேண்டுமென்றே என் முன்னால் எக்ஸ்பாக்ஸைப் போட்டான். டிஸ்க்கை உள்ளே தள்ளினான். திரையில் ஒன்றும் வரவில்லை.

“இன்னா மச்சான், உன் டப்பா படுத்துகிச்சா?” என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முறைத்தான். டிஸ்க்கை வெளியே எடுத்தான். உதட்டருகே கொண்டுபோய் ‘ஃபூ’ என்று ஊதினான்.

டிஸ்க்கை யாராவது ஊதுவார்களா? ஊதுவது கேசட்டை. குவார்ட்டர்ஸில் அவன் வீட்டு டிவியில் மாட்டி விளையாடிய மலிவு வீடியோ கேமின் மஞ்சள் கேசட்டை. அது எந்தக் கம்பெனி என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. படம் வராவிட்டால் தூசு போக ஊதி மாட்டுவோம்; வந்தால் போதும், கத்துவோம்.

செய்தது புரிந்து அசடு வழிந்தான். நான் கையை நீட்டினேன்.

“குடு இங்க. உனுக்கு அப்பவே ஒழுங்கா ஊத வராது.”

சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

எது நல்ல கன்சோல் என்று கேட்டால் இன்றும் பிளேஸ்டேஷன் என்றுதான் சொல்வேன். இப்போது அதை அவன் வீட்டில் உட்கார்ந்து, அவன் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.