வெள்ளிக்கிழமைக் கிண்ணங்கள்

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரி. அங்கே ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவேன், மீன் குஞ்சு விடும் கிண்ணம் கழுவுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்.

ஆராய்ச்சி செய்த பெண் குஜிலியம்பாறைப் பக்கம். அவளுடைய மீன் குஞ்சுகள் கண்ணாடி மாதிரி இருக்கும். உயிரோடு வைத்தே உடம்புக்குள் பார்க்கலாம். வாலில் சின்னக் காயம் செய்வாள். அதை ஆற்ற ஓடிவரும் செல்கள் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். அதை மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. கேமரா மதுரையிலிருந்து இரவல், ஐந்து வாரத்துக்கு மட்டும்.

மீன் செவ்வாய்க்கிழமை முட்டையிடும். மூன்று நாள் குஞ்சுதான் வேண்டும் என்பதால் வெள்ளிதோறும் படம்.

முதல் வெள்ளி திரை முழுக்கப் பச்சை மூட்டம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். அடுத்த வெள்ளியும் அதே மூட்டம். அவளுடைய சார் வந்து பார்த்தார்.

"கிண்ணம் யாரு கழுவுறது?"

"நாந்தான் சார்."

"இன்னும் நல்லாத் தேய்ச்சுக் கழுவும்மா."

தேய்த்தேன். விரலை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். மூன்றாம் வெள்ளி மூட்டம் இன்னும் கூடியது. நான்காம் வெள்ளிக்கு விடியவே குளித்துவிட்டு ஓடிவந்து இரண்டு தடவை கழுவினேன். அன்றைக்கு எதுவுமே தெரியவில்லை.

"எலுமிச்சம்பழம் சுத்திப் போடவாம்மா?" என்றேன்.

"போடுங்கக்கா. சாரையும் பக்கத்துல நிப்பாட்டிச் சுத்துங்க" என்றாள். சிரிக்கவில்லை.

கடைசி வெள்ளி. குஞ்சு இல்லாமல் வெறும் கிண்ணத்தை வைத்துப் பார்த்தாள். அதுவும் பச்சையாக எரிந்தது. கிண்ணத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கையக் காட்டுங்க."

விளக்கை அணைத்து நீல வெளிச்சத்தை என் கையில் அடித்தாள். பார்க்க ஒரு மஞ்சள் கண்ணாடி கொடுத்தாள். ரேகையிலும் நகக்கண்ணிலும் பச்சையாக எரிந்தது.

"என்னக்கா தேய்ச்சீங்க?"

"மஞ்சள்தாம்மா. வெள்ளிக்கிழமைல்ல, தேய்ச்சுக் குளிச்சிட்டுத்தான வாரேன்."

"அஞ்சு வாரமாவா?"

"கல்யாணத்துலருந்து."

சிரித்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

புதுக் கிண்ணப் பெட்டியைப் பிரித்தோம். பயனில்லை. அந்த வாரத்துக் குஞ்சுகள் எல்லாமே காலையிலிருந்து நான் கழுவிய கிண்ணங்களில் கிடந்தவை. அவற்றின் தோலிலும் மஞ்சள் ஏறியிருந்தது.

சார் கேட்டதற்கு, "லைட்டு சரியில்ல சார்" என்றாள்.

"இல்ல சார். என் கை மஞ்சள்" என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

சார் மதுரைக்குப் போன் போட்டு இன்னும் ஒரு வாரம் கேட்டார். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அசட்டையாகக் கழுவியிருந்தால்கூட அவளுக்குப் படம் கிடைத்திருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

சாயங்காலம் கார் வந்தது. கேமராப் பெட்டியை நான்தான் வாசல் வரை தூக்கிப் போனேன். வாங்க வந்தவரிடம் கேட்டேன்.

"இது மறுபடி எப்பக் கெடைக்கும்?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் டிரைவர்" என்றார்.