சான்றிதழில் அப்பாவின் பெயர்

போன வருடம் ஆவணி மாதம், திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் கற்பிக்கும் சிறிய கணினி நிலையத்தில் நடந்தது. புதிதாக இணையத்தளம் செய்யப் பழகுகிறவர்களுக்கான சான்றிதழ்ப் பரீட்சையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று, நானும் கிண்ணியாவிலிருந்து வரும் சக ஆசிரியையும் அன்று முடிவெடுக்க வேண்டும்.

வெண்பலகையில் என் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நேற்று வந்த தொழில்நுட்பத்தைக்கூட விடவில்லை.

"சேர், இது தொடக்கப் பரீட்சை. ஆக்களுக்குப் பயங்காட்டாதீங்க" என்றார் ஆசிரியை.

நானா கேட்கிற ஆள்? இணையத்தளத்தில் படிவம் செய்யும் பாடத்தை, சின்னப்பிள்ளை வேலை என்று பட்டியலிலிருந்து அழித்தேன்.

அந்த நேரம் பார்த்து, சம்பூரிலிருந்து எங்கள் பழைய மாணவி ஒருவர் வந்தார். கையில் நாங்கள் கொடுத்த சான்றிதழ். மறுநாள் அவருக்கு வேலைக்கான நேர்முகம்.

"சேர், இதில என்ர பேர் இல்ல. அப்பாதான் பாஸ் பண்ணியிருக்கிறார்" என்று சிரித்தார்.

வாங்கிப் பார்த்தேன். கடற்றொழில் செய்யும் அவருடைய அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. அவர் பெயருக்கு ஒரேயொரு எழுத்து. எங்கள் பதிவுப் படிவத்தைத் திறந்ததும் விளங்கிவிட்டது. 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். நம் ஆட்கள் அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, தங்கள் பெயரைக் கடைசியில் எழுதுகிறவர்கள். அவர் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறார். கணினிதான் முதல் பெயரை ஆளின் பெயராக எடுத்து, கடைசிப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டது.

அந்தப் படிவத்தைச் செய்தவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ ஒரு கொப்பித் தாளை நீட்டினார். பஸ்ஸில் வரும்போதே என் படிவத்தைத் திருத்தி எழுதியிருந்தார். இரண்டு கட்டங்களுக்குப் பதில் ஒன்று: 'உங்கள் பெயர் சான்றிதழில் எப்படி வர வேண்டும்?' நான் அழித்த அதே பாடத்தில் கற்றதுதான்.

"என்ர சான்றிதழ மட்டும் மாத்திப் போட்டு விட ஏலாது சேர். பின்னால வாற ஆக்களுக்கும் இப்பிடித்தானே வரும்?"

அசந்துபோனேன். நாளைய நேர்முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களுக்காகவும் யோசித்திருக்கிறாரே! நான் அழித்த பாடத்தை ஆசிரியை வெண்பலகையில் திரும்ப எழுதினார். புதுச் சான்றிதழை அப்போதே அச்சடித்துக் கொடுத்தோம். வேலையும் கிடைத்தது. பழையதை அவருடைய அப்பா தர மாட்டேன் என்று சுவரில் மாட்டியிருக்கிறாராம்.

பட்டியலில் பாதியை அழித்தோம். இப்போது பரீட்சையின் முதல் கேள்வியே, இந்த மாவட்டத்தில் யார் வந்தாலும் தன் பெயரைப் பிழையில்லாமல் பதியக்கூடிய ஒரு படிவம் செய்வதுதான். விடைகளைத் திருத்தும்போது ஒவ்வொரு படிவத்திலும் முதலில் அந்த மாணவியின் பெயரைத்தான் தட்டிப் பார்க்கிறேன். அது முழுதாக வந்தால்தான் என் மனம் ஆறுகிறது.